உயிரணுவின் மெய்ப்புத் திருத்தம்

'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஏடு பெயர்த்தெழுதியோரின் கைப்பிழையால் ஒரே நூலுக்குப் பல பாடங்கள் தோன்றிய வரலாற்றைப் பதிப்பியல் பயிலும் மாணவர் நன்கறிவர். அச்சு வந்த பின்னரும் நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை. இம்மலரின் மெய்ப்பை மும்முறை திருத்திய பின்னும், எங்கேனும் ஓர் ஒற்று விடுபட்டிருக்குமோ என்னும் அச்சத்தோடுதான் நாம் அச்சகத்திற்கு அனுப்புகிறோம். தமிழாசிரியர்க்கு உயிரணுவைப் பற்றி எழுத என்ன உரிமை என்று வினவுவோர்க்கும் இதுவே விடை. படியெடுத்தலும் பிழை களைதலும் நம் தொழில். உயிரணுவின் தொழிலும் அதுவே.

உயிரணு படியெடுக்கும் மூலநூல் டி.என்.ஏ. அந்நூலுக்கு எழுத்துகள் நான்கே: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். 1953-இல் வாட்சனும் கிரிக்கும் அதன் இரட்டை இழை அமைப்பை விளக்கினர். ஓர் இழையில் அடினைன் நிற்குமிடத்து எதிரிழையில் தைமின் நிற்கும். குவானைனுக்கு எதிரே சைட்டோசின் நிற்கும். உயிரணு பிளவுறுமுன் இழைகள் இரண்டும் பிரிகின்றன. ஒவ்வொன்றும் மூல ஏடாகி, தனக்கு இணையான புதிய இழையைத் தோற்றுவிக்கிறது. எழுத்துகளைக் கோத்துச் செல்லும் எழுத்தாளன், டி.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதி. 1956-இல் ஆர்தர் கோர்ன்பர்க் இதனைக் கண்டறிந்தார். எஸ்செரிச்சியா கோலி என்னும் குடல் பாக்டீரியாவில் இந்நொதி நொடிக்கு ஏறத்தாழ 1,000 எழுத்துகளைக் கோக்கிறது. எந்த ஏட்டெழுத்தாளனுக்கும் இவ்விரைவு வாய்த்ததில்லை.

இவ்விரைவில் பிழை நேராதிருக்குமோ? நேரும். எழுத்தைத் தேர்ந்து வைக்கும் முதல் நிலையில் ஏறக்குறைய 1,00,000 எழுத்துக்கு ஒரு பிழை நேர்கிறது. பக்கத்திற்கு 1,500 எழுத்தெனக் கொண்டால் 66 பக்கத்திற்கு ஒரு பிழை. நூற்பதிப்பில் இதனைப் பாராட்டவே செய்வோம். ஆயின் மனித உயிரணு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 640 கோடி எழுத்திணைகள் உள்ளன. ஒருமுறை பிளவுறுவதற்குள் 64,000 பிழைகள் புகுந்துவிடும்.

ஆகவே எழுதும் நொதியே திருத்துநராகவும் அமைந்துள்ளது. தவறான எழுத்து வந்தமர்ந்தால் அது எதிரெழுத்தோடு பொருந்தாது. இழையின் முனை நெகிழ்ந்து நிற்கும். நொதி அங்கே தயங்குகிறது. நெகிழ்ந்த முனை நொதியின் மற்றொரு பகுதிக்கு நகர, அங்குத் தவறான எழுத்து வெட்டி நீக்கப்படுகிறது. பின்னர்க் கோத்தல் தொடர்கிறது. தட்டச்சர் ஒருவர் பின்னகர்ந்து கடைசி எழுத்தை அழித்துவிட்டு மேற்செல்வதை ஒத்தது இது. இதனால் பிழை ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைகிறது.

ஈண்டு ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். ஏடெழுதியவன் பொருள் நோக்கித் திருத்துவான். புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாக்குவான். பெரும்பாலான பாடபேதங்கள் இவ்வாறு பிறந்தவையே என்பது நம் கருத்து. நொதிக்குப் பொருள் தெரியாது. அது வடிவப் பொருத்தம் ஒன்றையே அறியும். அவ்வறியாமையே அதன் சிறப்பு.

இவ்விரு நிலைகளையும் தப்பிய பிழைகளைக் களைய மூன்றாம் நிலை ஒன்றுண்டு. பொருந்தா இணை திருத்தம் என்று அதனைக் கூறலாம். இங்குத்தான் பதிப்பாசிரியர்க்குரிய சிக்கல் எழுகிறது. இரண்டு இழைகளில் இருவேறு எழுத்துகள். மூலம் எது, படி எது? தவறாகத் தேர்ந்தால் பிழையே மூலமாகிவிடும். குடல் பாக்டீரியா இதற்குக் கையாளும் வழி வியப்பிற்குரியது. குவானைன், அடினைன், தைமின், சைட்டோசின் என்னும் வரிசை வருமிடந்தோறும் அடினைன் மீது மெத்தில் என்னும் சிறு குறி இடப்பட்டிருக்கும். புதிய இழைக்கு இக்குறி சற்றுத் தாழ்த்தே இடப்படுகிறது. கீறிய ஓலைக்கு மை தடவுமுன் அது புதிது என்று கண்டுகொள்வோமல்லவா? அதனைப் போன்றே, குறியில்லா இழையே படி என்று கொண்டு, பிழையுள்ள பகுதியை வெட்டியெடுத்து மீண்டும் எழுதுகிறது உயிரணு. இவ்வினையைச் சோதனைக்குழாயில் நிகழ்த்திக் காட்டிய பால் மாட்ரிச், 2015-இல் வேதியியல் நோபல் பரிசைத் தாமஸ் லிண்டால், அசீஸ் சன்ஜார் ஆகியோரோடு பகிர்ந்துகொண்டார். மனித உயிரணுவில் மெத்தில் குறி இப்பணிக்கு உதவுவதில்லை; புதிய இழையில் உள்ள இடைவெட்டுகளே அடையாளமாகின்றன. மூன்று நிலைகளும் முடிந்தபின் 100 கோடி எழுத்துக்கு ஏறத்தாழ ஒரு பிழையே எஞ்சுகிறது.

திருத்துநரை உருவாக்கும் குறிப்பும் அந்நூலினுள்ளேயே எழுதப்பட்டுள்ளது. அக்குறிப்பிலேயே பிழை நேர்ந்தால்?

1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆல்டிரெட் வார்த்தின் என்னும் மருத்துவ அறிஞரிடம் தையற்பணி செய்யும் பெண்ணொருவர், தம் குடும்பத்தார் பலரும் வயிறு, குடல், கருப்பைப் புற்றுநோயால் மாண்டதையும், தாமும் அவ்வாறே மாள நேரும் என்பதையும் கூறினார். அவர் கூறியவாறே கருப்பைப் புற்றுநோய் அவர் உயிரைக் கவர்ந்தது. வார்த்தின் அக்குடும்ப வரலாற்றைத் திரட்டி 1913-இல் வெளியிட்டார். பின்னர் ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவர் இவ்வாய்வை வளர்த்தெடுத்தமையால் இந்நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. 1993-இல் இந்நோய்க்குக் காரணமான எம்.எஸ்.எச். 2 என்னும் மரபணு கண்டறியப்பட்டது. அது பொருந்தா இணையைக் கண்டறியும் புரதத்திற்குரிய மரபணு. அத்தையற்காரப் பெண்ணின் குடும்பத்தில் பிழையுற்றிருந்ததும் அதுவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மாறியிருந்தது ஒரே ஓர் எழுத்து.

இம்மரபணு தந்தை வழியொன்றும் தாய் வழியொன்றுமாக நம்மிடம் இரண்டு உள்ளன. ஒன்று பிறவியிலேயே பிழையுற்றிருப்பினும் மற்றொன்று பணியை நடத்தும். வாழ்நாளில் ஏதேனும் ஓர் உயிரணுவில் அதுவும் கெடுமாயின் அங்குத் திருத்தம் நின்றுவிடுகிறது. ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் இடங்களிலே பிழைகள் மிகுதியாகத் திரள்கின்றன. ஒரே சொல் மீண்டும் வருமிடத்தில்தான் ஏடெழுதியவனின் கண்ணும் வழுக்கியது என்பதை நினைவிற்கொள்க. அத்தையற்காரப் பெண்ணால் தம் முடிவை முன்னுரைக்க மட்டுமே இயன்றது. இன்று அக்குறையுடைய குடும்பத்தில் பிறந்தோர், குருதிச் சோதனையால் தமக்கு அப்பிழை உண்டா இல்லையா என்று அறிந்துகொள்ளலாம். உண்டெனில் 20 முதல் 25 வயதிற்குள்ளாகவே தொடங்கி, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் சோதித்துக்கொள்ளுமாறு மருத்துவர் அறிவுறுத்துகின்றனர்.