முகவரியும் அதைக் கொண்டுவந்தவர் பெயரும்

அன்புத் தம்பிக்கு,

பிறர் அனுப்பிவைத்த வாடிக்கையாளரின் முகவரியைத் தம் ஏட்டில் பதிந்துகொள்ளும் வணிகர், அந்த முகவரிக்குப் பக்கத்திலேயே அனுப்பியவரின் பெயரையும் பதியக் கடமைப்பட்டவர் என்பதே இக்கடிதம் வலியுறுத்தும் கருத்து. இணையத்தில் பாடத்தொகுப்பு விற்கத் தொடங்கியிருக்கும் தம்பி, மின்னஞ்சல் பட்டியலை வளர்ப்பதா, அஃபிலியேட்டுகளின் மனம் கோணாமல் நடப்பதா என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்திக் கேட்டிருப்பதால், அவை எந்த இடத்தில் மோதுகின்றன, எந்த ஏற்பாடு அதைத் தீர்க்கும் என்பதை முறையாக ஆராய்வது தகும்.

அஃபிலியேட் என்பவர் சரக்கை வாங்கி வைத்து விற்பவர் அல்லர். மாதச் சம்பளம் பெறுபவரும் அல்லர். தம் வாசகரையோ பார்வையாளரையோ தமக்கென்று தரப்பட்ட இணைப்பின் வழியாக விற்பவரிடம் அனுப்பி, விற்பனை நடந்தால் மட்டும் கமிஷன் பெறும் இவரைத் தரகர் என்றே சொல்லலாம். ஆனால் சந்தைத் தரகர் பேரம் முடியும்வரை பக்கத்தில் நிற்பார், இவர் நிற்பதில்லை. இசைத்தட்டு விற்ற சிடிநவ் 1994-இலும், புத்தகம் விற்ற அமேசான் 1996 ஜூலையிலும் இத்தகைய திட்டங்களைத் தொடங்கின. பக்கத்தில் இல்லாத தரகருக்குச் சாட்சியாக நிற்பது பெரும்பாலும் குக்கி எனப்படும் சிறு குறிப்புதான். வருபவரின் உலாவியில் எழுதப்படும் அக்குறிப்பில் அனுப்பியவரின் அடையாளக் குறி இருக்கும். அதற்கு ஆயுளும் உண்டு. அமேசானில் அது பொதுவாக 24 மணி நேரம். மற்றவர்கள் 30 நாள், 60 நாள் என்று வைப்பதுண்டு. பக்கத்தின் நிரல் எழுதும் குக்கிகளின் ஆயுளைச் சஃபாரி உலாவி 2019 முதல் 7 நாளாகக் குறைத்துவிட்டது என்பதாலும், கைபேசியில் பார்த்துவிட்டு வீட்டுக் கணினியில் வாங்குபவரோடு அக்குறிப்பு கூட வராது என்பதாலும், இந்தச் சாட்சி பாதி வழியிலேயே காணாமல் போவது வழக்கமாகிவிட்டது.

மின்னஞ்சல் பட்டியலின் அருமையும் குறைத்துச் சொல்லத்தக்கதன்று. முதல் வருகையிலேயே பணம் கட்டுபவர் சிலரே. மற்றவர்கள் யோசிப்பார்கள், வீட்டில் கேட்பார்கள், சம்பள நாளுக்காகக் காத்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு மாதிரிப் பாடத்தை இலவசமாகத் தந்து, முகவரியை வாங்கிவைத்து, பின்னர் மடல்வழியே நம்பிக்கையை வளர்ப்பது நேர்மையான வணிகமே. சமூக ஊடகம் ஒரே நாளில் தன் விதியை மாற்றினால் அங்குள்ள கூட்டம் கலைந்துபோகும். பட்டியலோ விற்பவரிடமே இருக்கும்.

மோதல் எங்கே என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். பாடத்தொகுப்பின் விலை 4,000 ரூபாய், கமிஷன் 40 விழுக்காடு, அதாவது விற்பனைக்கு 1,600 ரூபாய் என்று கொள்க. ஓர் அஃபிலியேட் 100 பேரை அனுப்புகிறார். முகவரி கேட்கும் படிவத்தில் 35 பேர் தம் முகவரியைத் தருகிறார்கள். ஒருவர் அன்றே வாங்குகிறார். அடுத்த இரண்டு மாதங்களில் வாரம் ஒரு மடல் போகிறது. அந்த 35 பேரில் மேலும் மூவர் மடலில் உள்ள இணைப்பைத் தட்டி வாங்குகிறார்கள். மடலில் இருப்பது விற்பவரின் சொந்த இணைப்பு. குக்கியோ அதற்குள் காலாவதியாகிவிட்டது. மொத்த விற்பனை 16,000 ரூபாய்; அனுப்பியவருக்கு வர வேண்டியது 6,400 ரூபாய்; அவர் கைக்குப் போவது 1,600 ரூபாய். 40 விழுக்காடு என்று எழுதிக் கொடுத்த கமிஷன், யாரும் பொய் சொல்லாமலே, 10 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது.

ஊரார் வீட்டு நெய்யே என்று பரிமாறும் இந்நிலை தீய எண்ணத்தால்தான் வர வேண்டும் என்பதில்லை; படிவத்தை அமைத்தவரின் கவனக்குறைவே போதும். எனினும் அனுபவமுள்ள அஃபிலியேட் இதை எளிதில் கண்டுபிடித்துவிடுவார். தம் இணைப்பின் வழியே தாமே நுழைந்து, தமது இன்னொரு முகவரியைப் படிவத்தில் இட்டு, வரும் மடல்களின் இணைப்பில் தம் குறி இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் சண்டைக்கு வராமல், அடுத்த முறை தம் கூட்டத்தை வேறு கடைக்குத் திருப்பிவிடுவார். விற்பவருக்குத் தெரிவதெல்லாம் வருகை குறைந்தது என்பது மட்டுமே, காரணம் தெரியாது.

தீர்வு படிவத்திலேயே இருக்கிறது. முகவரி கேட்கும் படிவத்தில், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை வைத்து, வந்த இணைப்பின் வாலில் ஒட்டியிருக்கும் அடையாளக் குறியை அதில் தானாக நிரப்பச் செய்தால், முகவரியும் அனுப்பியவரின் குறியும் ஒரே வரியில் பட்டியலில் ஏறும். பின்னர் அந்த முகவரிக்குப் போகும் ஒவ்வொரு மடலின் விற்பனை இணைப்பிலும் அதே குறியைச் சேர்க்கலாம். வாங்குபவர் பணம் கட்டும்போது தரும் முகவரியைப் பட்டியலோடு ஒப்பிட்டும் சரிபார்க்கலாம். உரிமைக்கான சாட்சி வாடிக்கையாளரின் உலாவியிலிருந்து விற்பவரின் ஏட்டுக்கு மாறிவிடுவதால், குக்கி அழிந்தாலும் கணக்கு அழியாது.

இதோடு சில நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதி அறிவிப்பது கடமையாகும். கமிஷன் உரிமை 90 நாளா, ஓராண்டா, வாடிக்கையாளர் இருக்கும்வரையா? அடுத்தடுத்து விற்கும் பாடங்களுக்கும் அது உண்டா? ஒரே வாடிக்கையாளரை இருவர் அனுப்பியிருந்தால் முதலில் அனுப்பியவருக்கா, கடைசியில் அனுப்பியவருக்கா? முன்பே பட்டியலில் இருந்தவரை ஒருவர் மீண்டும் அனுப்பினால் என்ன முறை? இக்கேள்விகளுக்கு எந்த விடையும் தரலாம். ஆனால் விற்பனை நடந்த பின் விடை தேடுவது முறையாகாது. படிவம் இல்லாமல் நேரே விற்பனைப் பக்கத்துக்குப் போகும் இணைப்பையும் தந்து, எது வேண்டும் என்ற தேர்வை அஃபிலியேட்டிடமே விடுவது நன்று. ஏற்கெனவே தம் பட்டியலைப் பேணிவரும் ஒருவர், தம் வாசகர் மீண்டும் ஒரு படிவத்தில் முகவரி எழுதுவதை விரும்பமாட்டார். ஓர் அஃபிலியேட் கொண்டுவந்த முகவரிகளுக்கு உரிமைக் காலத்துக்குள்ளேயே வேறொருவர் சரக்கைப் பரிந்துரைத்து, அதன் கமிஷனைத் தாம் மட்டும் எடுத்துக்கொள்வதும் விற்பவருக்கு அழகன்று.

அஃபிலியேட்டுக்கு உரியது கமிஷனே தவிர முகவரி அன்று என்பதையும் தம்பி மறக்கலாகாது. முகவரிக்கு உடையவர் அதைத் தந்த வாசகர். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது கட்டாயமின்றி, எதற்கு என்று தெரிந்து தரப்பட வேண்டும் என்றும், தந்த எளிமையோடு அதைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும் என்றும் கூறுகிறது. எனவே நன்றிக்கடனாகப் பட்டியலை அஃபிலியேட்டிடம் ஒப்படைப்பது ஒருவருக்கு நியாயம் செய்ய மற்றவருக்கு அநியாயம் செய்வதாகும். பட்டியலை எண்ணிக்கைக்காக ஊதிப் பெருக்குவதிலும் பயனில்லை. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர், ஒரே தட்டலில் விலகும் வசதி தர வேண்டும் என்றும், குப்பை மடல் என்ற புகாரின் அளவு 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது என்றும் 2024-இல் கூகுள் விதித்தது. விருப்பமில்லாதவர் முகவரி நூறு சேர்ந்தால், விருப்பமுள்ளவருக்குப் போகும் மடலும் குப்பையில் விழும்.

அஃபிலியேட்டுகள் அனைவரும் குற்றமற்றவர்கள் என்பது இதன் பொருளன்று. யாரையும் அனுப்பாமலே பிறர் உலாவியில் தம் குக்கியைத் திணிப்பவரும், விற்பவரின் பெயரால் கேளாத மடல் அனுப்புபவரும் உண்டு. அவர்களை விலக்கும் உரிமையும், பணம் திரும்பக் கேட்கும் காலம் கழியும்வரை கமிஷனை நிறுத்திவைக்கும் உரிமையும் விற்பவருக்கு உண்டு. ஆயினும் சிலரின் வஞ்சகத்தைக் காட்டி எல்லாருடைய கணக்கையும் மங்கலாக வைத்திருப்பது முறையன்று.

ஆகவே தம்பி செய்ய வேண்டிய முதல் வேலை, இன்றே பட்டியலைத் திறந்து, அனுப்பியவர் குறி இல்லாத வரிகள் எத்தனை என்று எண்ணுவதாகும். பழைய வருகைப் பதிவுகளைக் கொண்டு அவற்றுள் சிலவற்றையேனும் நிரப்ப முடியும்; அவற்றின் வழியே நடந்த விற்பனைக்குரிய கமிஷனை, யாரும் கேட்பதற்கு முன்பே, விவரத்தோடு அனுப்பிவைக்கலாம். கேட்காத கடனைத் தீர்த்தவருக்கு அடுத்த கூட்டத்தை அனுப்ப எந்தத் தரகரும் தயங்கமாட்டார்.

எல்லா நலமும் பெருக வாழ்த்தும்,
அண்ணன்