ஜீப் சில வேளை மட்டும் கிளம்ப மறுப்பதேன்?

1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின், ஜீப் வண்டி நம் கிராமங்களுக்குப் பழக்கமாயிற்று. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டது. அத்தகைய நாளில் கிளம்பாத வண்டி இருந்தும் பயனில்லை. ஆதலின், பாளையங்கோட்டைப் பகுதியில் பழைய டீசல் ஜீப் வைத்திருப்போர் பின்வரும் சோதனையை அறிதல் நலம்.

வண்டி மறுக்கும் வேளையிலேயே சோதிக்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, முன்விளக்கை ஏற்றிச் சாவியைத் திருப்புக.

1. ஒளி மிகவும் மங்கினால், பாட்டரி வலுவிழந்திருக்கலாம். அதன் முனைகளில் உப்புப் பூத்திருக்கலாம். ஸ்டார்ட்டர் இறுகியும் இருக்கலாம். ஓய்விலுள்ள நல்ல பாட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும்.

2. ஒளி மங்காமலும் ஸ்டார்ட்டர் அசையாமலும் இருந்தால், சாவி ஸ்விட்ச்சையும் சாலினாய்டையும் அவற்றின் கம்பிகளையும் ஆராய்க.

3. எஞ்சின் நன்கு சுழன்றும் பற்றாவிட்டால், டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கலாம்.

விட்டுவிட்டு வரும் கோளாறுக்குப் பெரும்பாலும் தளர்ந்த இணைப்பே காரணம். எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றித் துருவைச் சுரண்டி, இறுக முடுக்குக. புதுப் பாட்டரிக்குச் செலவிடுமுன் இதனைச் செய்வோமாக.