கண்டத்தில் ஒட்டிய கடல்தரை: பசால்ட் படிக்கத் தொடங்குவோருக்கு

கலிபோர்னியாவில் கோல்டன் கேட் பாலத்தின் வடகரையில் இருக்கும் மரின் ஹெட்லண்ட்ஸ் குன்றுகள் ஒருகாலத்தில் பசிபிக்கின் அடித்தரை. கடல்தட்டு வட அமெரிக்காவுக்கு அடியில் அமிழ்ந்தபோது சுரண்டப்பட்டுக் கண்ட விளிம்பில் ஒட்டிக்கொண்டவை. இத்தகைய பாறைகளைப் படிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

1. சுத்தியலை ஓங்குமுன் வடிவத்தைப் பாருங்கள். தலையணை லாவா நீருக்கடியில்தான் உருவாகும். அதன் குவிந்த முதுகு மேற்புறம், கூரிய வால் கீழ்ப்புறம். அடுக்கு தலைகீழாகப் புரண்டிருக்கிறதா என்பதை அதுவே காட்டிவிடும்.

2. பசால்ட்டின் மேல் என்ன படிந்திருக்கிறது என்று பாருங்கள். மரினில் சிவப்பு சேர்ட் என்னும் சிலிக்காப் படிவுப் பாறை, அதற்கும் மேல் மணற்கல். சுமார் 80 மீட்டர் சேர்ட்டில் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகள் அடங்கியிருப்பதை அதிலுள்ள ரேடியோலேரியா என்னும் கடல் நுண்ணுயிர்களின் புதைபடிவங்கள் காட்டுகின்றன. நிலத்து மணல் எட்டாத ஆழ்கடலில் பாறை அவ்வளவு காலம் நகர்ந்திருக்கிறது. மணற்கல் தொடங்கும் இடத்தில் கண்டம் நெருங்கிவிட்டது.

3. மாதிரியைத் தலையணையின் உட்பகுதியிலிருந்து எடுங்கள். கண்ணாடி விளிம்பும், கால்சைட் நரம்பும், கனிமம் அடைத்த குமிழ்களும் வேண்டாம். மரின் ஹெட்லண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு உட்பட்ட நிலம். அனுமதியில்லாமல் ஒரு கல்லும் எடுக்கக் கூடாது.

4. சோடியம், பொட்டாசியம், ரூபிடியம், பேரியம் அளவுகளை நம்பி முடிவு சொல்லாதீர்கள். கடல்நீர் இவற்றைக் கரைத்தும் சேர்த்தும் மாற்றிவிடும். டைட்டேனியம், சிர்கோனியம், இட்ரியம், நையோபியம் அவ்வளவு எளிதில் நகர்வதில்லை. பசால்ட் பிறந்த சூழலைப் பிரித்தறிய 1973இல் பியர்ஸும் கேனும் வகுத்த வரைபடம் இந்த நம்பிக்கையில்தான் எழுந்தது.

5. டைட்டேனியம்–வனேடியம் விகிதத்தைக் கணக்கிடுங்கள். தீவு வில் பசால்ட்டில் பெரும்பாலும் 10–20, நடுக்கடல் முகட்டில் 20–50, காரவகைக் கடல்தீவுப் பசால்ட்டில் 50–100. ஆய்வகம் ஆக்சைடு சதவீதம் தந்தால், 1% டைட்டேனியம் டை ஆக்சைடு என்பது 5,995 பிபிஎம் டைட்டேனியம். மேக்னடைட் படிகமாகப் பிரியத் தொடங்கிவிட்ட குழம்புக்கு இந்த விகிதம் பொருந்தாது.

6. தோரியத்தையும் நையோபியத்தையும் சேர்த்துப் பாருங்கள். அமிழும் தட்டின் படிவுகளிலிருந்து தோரியம் மேலேறிக் குழம்பில் கலக்கும்; நையோபியம் பெரிதும் பின்தங்கிவிடும். ஆகவே தோரியம் கூடி, தனிம வரைபடத்தில் நையோபியம் பள்ளமாகத் தெரிந்தால் வில் எரிமலையைச் சந்தேகிக்கலாம். ஆனால் கண்டப் பாறையைக் கரைத்துக்கொண்ட குழம்பும் இதே தோற்றத்தைத் தரும் என்பதை மறக்காதீர்கள்.

7. வேதியியல் குழம்பு எப்படி உருகியது என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. வில்லின் பின்னுள்ள கடற்படுகையிலும் முகட்டுப் பசால்ட்டை ஒத்த பாறை பிறக்கும். அந்தச் சிக்கலில் கைகொடுப்பது இரண்டாம் அறிவுரைதான். பக்கத்தில் எரிமலை வில் இருந்திருந்தால் சேர்ட்டோடு அதன் சாம்பலும் கலந்திருக்க வேண்டும்.

8. சராசரி எடுக்காதீர்கள். ஹெட்லண்ட்ஸின் முனையிலிருக்கும் பாயிண்ட் போனிட்டா பசால்ட், சுற்றியுள்ள முகட்டுவகைப் பசால்ட்டிலிருந்து வேறுபட்டு, கடல்மலைகளில் காணும் வகையை ஒத்திருக்கிறது. இரண்டையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு உரிய எரிமலை எந்தக் கடலிலும் இருந்ததில்லை. பிளவுக்கோடு குறுக்கிட்டால், அதற்கு இப்பால் ஒரு கோப்பு, அப்பால் இன்னொரு கோப்பு.