அனுமதி கேளாத விருந்தாளி

 

இதை எழுதும் நான் ஆலிமும் அல்லன், கணினி படித்தவனும் அல்லன். மத்ரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பாடசாலையில் கற்றதும்தான் என் கல்வி. ஷா ஆலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டில் என் கையாலேயே நடந்துவிட்ட ஒரு தவறு பிறருக்குப் பாடமாக இருக்கட்டும் என்றே எழுதத் துணிந்தேன்.

கடையில் சில்லறைத் திருட்டு நடந்துகொண்டிருந்தபடியால், கைத்தொலைபேசியில் பார்க்கக்கூடிய காமிரா வாங்கினேன். ஒரு பெட்டியில் இரண்டு இருந்தன. ஒன்றைக் கடையில் மாட்டினேன். மற்றதை வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். உம்மாவுக்கு வயதாகிவிட்டது. நாங்கள் இல்லாத நேரத்தில் விழுந்துவிட்டால் தெரிய வேண்டுமே என்பதுதான் எண்ணம்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு கல்லாவில் இருந்தபடி கைத்தொலைபேசியைத் திறந்தேன். கூடத்தில் என் தங்கை முக்காடில்லாமல், ஈரத் தலையை உலர்த்திக்கொண்டு உம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. சரக்குக் கணக்குக் கேட்க என் தோளருகே நின்ற கடைப்பையனும் பார்த்துவிட்டான். நல்ல பிள்ளை, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கோ நா வறண்டுவிட்டது.

அன்றிரவு தங்கையிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "காக்கா, உம்மாவைப் பார்க்க வந்தாலும் இனி முக்காட்டோடுதான் உட்காரணுமா?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

மார்க்கம் வகுத்த ஒழுங்கு

சிறு பிராயத்தில் எங்கள் உஸ்தாத், பிறர் வீட்டுக்குப் போனால் வாசலுக்கு நேரே நில்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று சலாம் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். கதவு திறந்தவுடன் கண் உள்ளே போய்விடக் கூடாது என்பதே காரணம். அனுமதி கேட்கும் விதி ஏற்பட்டதே பார்வையை முன்னிட்டுத்தான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதாக ஹதீஸ் உண்டு.

திருக்குர்ஆனில் சூரத்துந் நூரின் 27-வது ஆயத் பிறர் வீட்டில் அனுமதியின்றி நுழைவதைத் தடுக்கிறது. 58-வது ஆயத் இன்னும் நுட்பமானது. பருவமடையாத பிள்ளைகளும் மூன்று வேளைகளில் அனுமதி கேட்டே பெரியவர்களிடம் வர வேண்டும் என்கிறது. ஃபஜ்ருக்கு முன், ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும் நண்பகல், இஷாவுக்குப் பின் ஆகியவையே அவ்வேளைகள். நாம் பெற்ற பிள்ளைக்கே மூன்று வேளை கதவு தட்டும் கட்டளை இருக்கிறது. நான் மாட்டிய காமிராவோ அந்த மூன்று வேளையும் விழித்திருந்தது!

இந்தச் சாதனங்கள் என்ன செய்கின்றன?

2010 மார்ச்சில் யூனிஃபை அதிவேக இணையம் முதன்முதலில் வந்த வட்டாரங்களுள் நம் ஷா ஆலமும் ஒன்று. அன்று இணையம் பெரும்பாலும் கணினியோடு நின்றது. இன்று தொலைக்காட்சி, குளிர்சாதனம், வாசல் பூட்டு, தரை பெருக்கும் இயந்திரம்வரை அது வந்துவிட்டது.

இத்தகைய காமிராவின் படம் வீட்டிலிருந்து நேராக நம் கைத்தொலைபேசிக்கு வருகிறது என்றே நான் நினைத்திருந்தேன். எப்போதும் அப்படியல்ல. கம்பெனியின் கணினிகள் எந்த நாட்டில் இருக்கின்றனவோ அங்கே போய், அவற்றின் வழியாக நமக்கு வரலாம். பதிவும் அங்கே தங்கலாம். பேசினால் பதில் சொல்லும் ஒலிப்பெட்டி, தன் பெயர் காதில் விழுகிறதா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. பெயரைக் கேட்டதும் நம் பேச்சைப் பதிந்து அனுப்புகிறது. வேறு சொல்லைத் தன் பெயரென்று தவறாக எடுத்துக்கொள்வதும் உண்டு. தரை பெருக்கும் இயந்திரங்களில் சில வீட்டின் அறைகளைப் படமாக வரைந்து வைத்துக்கொள்கின்றன. மின்வாரியத்தின் ஸ்மார்ட் மீட்டர்கூட அரை மணிக்கொரு தரம் மின்சாரச் செலவைக் குறிக்கிறது. வீட்டில் எப்போது ஆள் இருக்கிறார், எப்போது இல்லை என்பதை அந்தக் கணக்கைப் பார்ப்பவர் ஊகித்துவிட முடியும்.

பிற இடங்களில் நடந்தவை

2020 அக்டோபரில் சிங்கப்பூரில் ஒரு செய்தி வெளியாகி மக்களைக் கலக்கியது. வீட்டுக் காமிராக்களிலிருந்து திருடப்பட்ட படங்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. அவற்றுள் பல சிங்கப்பூர் வீடுகளில் எடுக்கப்பட்டவை எனக் குறிக்கப்பட்டிருந்தன. 50,000-க்கும் அதிகமான காமிராக்களுக்குள் புகுந்ததாக அக்கூட்டம் பெருமையடித்துக்கொண்டது.

திருடன் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. அமேசானுக்குச் சொந்தமான ரிங் காமிரா கம்பெனியின் ஊழியர் ஒருவர் 2017-ல் பல மாதங்களாகப் பெண்களின் அந்தரங்க அறைப் பதிவுகளைப் பார்த்துவந்தார் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023-ல் குற்றஞ்சாட்டியது. அவ்வழக்கு 58 லட்சம் டாலரில் தீர்ந்தது.

2022 டிசம்பரில் மற்றொரு செய்தி வந்தது. ஐரோபோட் கம்பெனி சோதனைக்காகச் சில வீடுகளில் கொடுத்திருந்த தரை பெருக்கும் இயந்திரங்கள் 2020-ல் எடுத்த படங்கள், அவற்றை வகை பிரிக்கும் கூலியாட்களின் கைக்குப் போய், அங்கிருந்து இணையக் குழுக்களில் வெளியாகியிருந்தன. கழிவறையில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் படமும் அவற்றில் இருந்தது. அவ்வீட்டார் படம் எடுக்கச் சம்மதித்தவர்களே. ஆனால் அது யார் யார் கண்ணுக்குப் போகும் என்பதை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

சட்டம் எதுவரை காக்கும்?

நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் அமலில் உள்ளது. 2024-ல் அது திருத்தப்பட்டது. தகவல் கசிந்து பெருந்தீங்கு நேரக்கூடுமானால், கம்பெனி 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2025 ஜூன் 1 முதல் கடமையாயிற்று. இது நல்ல காரியம்.

ஆயினும் சொந்தக் குடும்ப விவகாரத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் தகவல் அச்சட்டத்தில் அடங்காது. முழுவதும் வெளிநாட்டிலேயே கையாளப்பட்டு, இங்கே மேலும் பயன்படுத்தப்படாத தகவலும் அடங்காது. மத்திய, மாநில அரசாங்கங்களையும் அது கட்டுப்படுத்தாது. ஆகவே, என் கூடத்தில் என் தங்கையின் மானத்தைக் காக்க வேண்டிய முதல் ஆள் நான்தான் என்று அறிந்துகொண்டேன்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வீட்டில் காமிராவோ ஒலிப்பெட்டியோ இருந்தால் வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீட்டு வேலைக்கு இருக்கும் பெண்ணுக்கும் இந்த ஹக்கு உண்டு.

இரண்டாவது, காமிரா வாசற்கேட்டோடு நிற்கட்டும். நம் தொடர் வீடுகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பவை. எதிர்வீட்டாரின் முன்கூடம் நம் காமிராவில் விழுகிறதா என்று பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும்.

மூன்றாவது, பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்ற வேண்டும். 2016-ல் உலகெங்கும் லட்சக்கணக்கான சாதனங்களைப் பிடித்த மிராய் என்னும் கள்ள நிரல், கம்பெனிகள் முதலில் வைத்துக்கொடுத்த அறுபது சொச்சம் கடவுச்சொற்களை மாற்றி மாற்றி முயன்றே உள்ளே புகுந்தது. மாற்றாத பூட்டுக்கு எல்லாரிடமும் சாவி இருக்கிறது. கைத்தொலைபேசிக்கு இரண்டாவது குறியீடு வரும் வசதி இருந்தால் அதையும் போட்டுக்கொள்க.

நான்காவது, கம்பெனி அனுப்பும் திருத்தங்களை அவ்வப்போது ஏற்றிக்கொள்ள வேண்டும். பழைய சாதனத்தை விற்கும்போதும் பிறருக்குக் கொடுக்கும்போதும் உள்ளிருப்பதை அழித்துவிட வேண்டும். தேவையில்லாத நேரத்தில் இணைப்பைப் பிடுங்கி வைப்பதே எளிய வழி.

ஐந்தாவது, யாரோ புகுந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர் 999 சேவைக்கு 1-300-88-2999 என்னும் எண்ணில் தெரிவிக்கலாம்.

சகோதரர்களே! இச்சாதனங்களால் நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. கடைக் காமிரா இன்றும் கடையில் இருக்கிறது. கூடத்துக் காமிராவை மறுநாளே கழற்றிவிட்டேன். உம்மாவின் கட்டிலருகே அழுத்தினால் ஒலிக்கும் மணி ஒன்று வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டாரிடம் ஒரு சாவியும் கொடுத்திருக்கிறேன். சென்ற வெள்ளிக்கிழமை தங்கை வந்தாள். சுவரில் ஆணியடித்த துவாரத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு முக்காட்டை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நம் வீடுகளின் மானத்தை வல்ல நாயன் காத்தருள்வானாக! ஆமீன்.