வேலைக்கு அழைக்கும் வீடியோ: அன்றைய கங்காணியும் இன்றைய கைபேசியும்

நிலத்தை இழந்த குடும்பத்தை முதலில் தேடி வருபவர் யார்? பல இடங்களில் உதவி செய்பவர் வருவதற்கு முன்னரே வேலைக்கு ஆள் சேர்ப்பவர் வந்துவிடுகிறார். ஒரு காலத்தில் அவர் நடந்து வந்தார். பின்னர் பஸ்ஸில் வந்தார். இப்போது பிள்ளைகளின் கைபேசிக்குள் இருந்து வருகிறார். சீருடை அணிந்த ஒரு பெண் சிரித்த முகத்துடன் தோன்றுகிறாள். தான் மூன்று வருடமாக இந்தக் கம்பனியில் வேலை செய்வதாகவும், இது தனக்கு இரண்டாவது வீடு போன்றது என்றும் சொல்கிறாள். தங்குமிடம், சாப்பாட்டுக் கூடம், வருட இறுதி விழா எல்லாம் வரிசையாக வந்து போகின்றன. முடிவில் ஒரு தொலைபேசி இலக்கம். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட இல்லை.

போரினாலோ மண்சரிவினாலோ வெள்ளத்தினாலோ காணியை விட்டு வந்து, ஹட்டன், நுவரெலியா பக்கம் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய குடியேற்றங்களிலும் வாழும் பெற்றோர்கள் எம்மிடம் இத்தகைய வீடியோக்களைக் காட்டிக் கேட்பது ஒன்றுதான்: "இத நம்பலாமா சாமி?" ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஆனால் பார்க்கும் முறையைக் கற்றுக்கொள்ளலாம். இந்த இதழின் பாடம் அதைப் பற்றியது.

கங்காணியின் வாய்மொழி

வேலை செய்பவரையே பேச வைத்து வேலைக்கு ஆள் சேர்ப்பது புதிய முறை என்று கம்பனிக்காரர்கள் நினைக்கலாம். மலையகத்து மக்களுக்கு இது புதிதல்ல. எமது மூதாதையர் இந்த நாட்டுக்கு வந்ததே இப்படித்தான்.

கோப்பித் தோட்டக் காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பின்னரும், துரைமார் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குத் தாமே போகவில்லை, கங்காணியை அனுப்பினார்கள். கங்காணியும் தோட்டத்தில் வேலை செய்தவர்தான். அவர் போனது தன் சொந்த ஊருக்கு, தன் சாதி சனத்திடம். புது வேட்டி, கோட்டு, தலைப்பாகை, கையில் காசு. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருடைய கோலம் பேசிவிட்டது. "நம்ம ஊர் ஆள், போனார், நல்லாயிருக்கிறார்" என்று ஊர் தானே முடிவுக்கு வந்தது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்து வந்த கதை இன்றும் லயங்களில் சொல்லப்படுகிறது. எங்கோ இருக்கும் வெள்ளைக்காரர் இதைச் சொல்லியிருந்தால் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஊரான் சொன்னதால் நம்பினார்கள்.

கேட்டவர்கள் யார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர்களும் பெரும்பாலும் நிலத்தில் உழைத்தவர்கள். மழை பொய்த்து, கடன் ஏறி, காணி கைவிட்டுப் போனவர்கள். பண்ணை வேலையும் கிடைக்காமல் போனவர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் இதில் பெரியது. வயிறு காய்ந்தவனுக்கு விசாரித்துப் பார்க்க நேரம் இல்லை. இடம்பெயர்ந்த குடும்பம் எளிதில் ஏமாறுவது அறிவு குறைந்ததால் அல்ல, அவகாசம் குறைந்ததால்தான். இதை நன்றாக மனதில் வையுங்கள்.

கங்காணி சொன்னவை எல்லாம் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. வேலை இருந்தது, கூலியும் இருந்தது. சொல்லாமல் விட்டவைதான் வினையாயின. வழிச் செலவுக்குத் தந்த முன்பணம் தன் தலையில் கடனாக ஏறும் என்பதை அவர் விளக்கவில்லை. கடன் தீராதவன் தோட்டம் மாற வேண்டுமென்றால் "துண்டு" தேவைப்பட்டது. கடன் தொகையை எழுதிய சீட்டு அது. அடுத்த தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் துண்டு முறை ஒழிந்தது. தன் ஆட்கள் பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளும் தலைக்கு இத்தனை என்று தனக்கும் காசு கிடைக்கும் என்பதையும் கங்காணி ஊரில் சொல்லவில்லை. 1904இல் தோட்ட முதலாளிகள் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தை நிறுவி ஆள் சேர்ப்பை ஒழுங்குபடுத்திய பிறகும் கங்காணி இல்லாமல் காரியம் நடக்கவில்லை. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடை செய்யும் வரை இது நீடித்தது.

படத்தில் முகம் இருந்தது, குரல் இல்லை

ஆள் சேர்ப்பது ஒரு பக்கம். பெயரை வளர்ப்பது மறுபக்கம். வர்த்தகப் பெயர் என்று கம்பனிகள் சொல்வது பொருளின் மீதும் அதைச் செய்பவர் மீதும் மக்கள் வைக்கும் நம்பிக்கையைத்தான். இலங்கைத் தேயிலையின் பெயரைத் தாங்கி நின்றது கூடை சுமந்த கொழுந்துப் பெண்ணின் உருவம். பெட்டியிலும் சுவரொட்டியிலும் அவள் இருந்தாள். அதற்கு அவளிடம் எவரும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை.

1934இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக பசில் ரைட் என்பவர் "சோங் ஒஃப் சிலோன்" என்ற படத்தை எடுத்தார். உலகப் புகழ் பெற்ற படம், அழகான படமும்கூட. அதன் ஒரு பகுதிக்கு வர்த்தகத்தின் குரல்கள் என்று பெயர். தோட்டமும் உழைப்பும் கண்ணுக்குத் தெரிகின்றன. காதில் விழுவதோ சந்தை விலையும் கப்பல் செய்தியும். கொழுந்து பறிப்பவள் தன் கூலியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இன்றைய வீடியோவில் தொழிலாளிக்கு வாய் திறந்திருக்கிறது. அது முன்னேற்றம்தான். ஆனால் அவள் எதைப் பேசலாம் என்பதை யார் தீர்மானித்தார் என்ற கேள்வி மாறவில்லை.

கம்பனிகள் ஏன் இதைச் செய்கின்றன? ஆள் பற்றாக்குறைதான் காரணம். தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக்குப் போகிறார்கள். தோட்டங்களில் கொழுந்து பறிக்க ஆள் போதவில்லை. 1978 முதல் இயங்கும் கட்டுநாயக்க வர்த்தக வலயத்திலும் ஆடைத் தொழிற்சாலைகள் ஆள் தேடுகின்றன. விளம்பரத்தை விட, வேலை செய்கிற ஒருவரின் பேச்சை மக்கள் நம்புகிறார்கள். ஆடைத் துறையினர் 2006இல், குற்ற உணர்வின்றி அணியக்கூடிய ஆடை எமது ஆடை என்று வெளிநாட்டுக்குப் பிரசாரம் தொடங்கினார்கள். அங்கும் முன்னிறுத்தப்பட்டது தொழிலாளர் நடத்தப்படும் விதமே.

இதில் தவறில்லை. நல்ல முறையில் தொழில் நடத்தும் ஒருவர் அதை வெளியே சொல்வது நல்லது. ஆனால் நல்லதை மட்டும் சொன்னால் கம்பனிக்கே நட்டம் என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. 1973இல் ஜோன் வானஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், தொலைபேசி இணைப்பாளர் வேலைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான இனிப்பான படத்தையும், மறு பகுதியினருக்கு வேலையின் சலிப்பையும் கண்டிப்பையும் சேர்த்துக் காட்டிய படத்தையும் காண்பித்தார். உண்மைப் படத்தைப் பார்த்தவர்கள் வேலையை மறுத்துவிடவில்லை. ஏறக்குறைய அதே அளவில் சேர்ந்தார்கள். சேர்ந்த பின் விட்டுப் போகும் எண்ணம் அவர்களிடம் குறைவாக இருந்தது. ஆகவே கஷ்டத்தையும் சொல்லும் வீடியோவைக் கண்டால், அந்தக் கம்பனியைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பலாம்.

எப்படிப் பார்ப்பது?

பிரேசில் நாட்டில் பாவ்லோ பிரெய்ரே எழுத்தறிவு வகுப்புகளில் பாடத்தைப் படத்திலிருந்து தொடங்கினார். மக்கள் தமது வாழ்க்கையைக் காட்டும் ஒரு படத்தைப் பார்த்து, அதில் என்ன இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது என்று பேசினார்கள். வீடியோவையும் நாம் அப்படிப் பார்க்கலாம். தனியாக அல்ல, நாலு குடும்பம் சேர்ந்து, மாதர் சங்கத்திலோ அன்பியக் கூட்டத்திலோ.

முதல் முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இசை இல்லாதபோது கண் கூர்மையாகும். எந்த இடத்தைக் காட்டுகிறார்கள்? தங்குமிடத்தின் முகப்பு தெரிகிறதா, உள்ளே ஓர் அறையில் எத்தனை கட்டில் என்று தெரிகிறதா? மலசலகூடம் தெரிகிறதா? வேலை செய்யும் கை தெரிகிறதா, சிரிக்கும் முகம் மட்டுமா? பேசுபவரின் கண் கமெராவைப் பார்க்கிறதா, பக்கத்தில் நிற்கும் எவரையோ பார்க்கிறதா?

இரண்டாம் முறை சத்தத்துடன் பாருங்கள். "நல்ல சம்பளம்" என்பது ஒரு தொகை அல்ல. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மேலதிக நேரத்தையும் வரவுக் கொடுப்பனவையும் சேர்த்துத்தான் அந்தப் பெரிய தொகையைச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். தோட்டத்தில் இந்த வித்தியாசம் எமக்குத் தெரியும். 1,000 ரூபாய்க்காக 2018 அக்டோபரில் இளைஞர்கள் கறுப்பு உடையுடன் கொழும்பு காலி முகத்திடலில் கூடினார்கள். 2021இல்தான் சம்பள நிர்ணய சபை வழியாக அது கிடைத்தது. 2024இல் 1,350 என்று நிர்ணயித்த பிறகும், நிறை குறைந்தால் அரைப் பேர் போடுவார்களா என்ற பயம் தீரவில்லை. அறிவித்த தொகை வேறு, கைக்கு வரும் தொகை வேறு.

அடுத்தது சேமலாப நிதி. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதமும், முதலாளியின் பங்காக 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம் செலுத்த வேண்டும். இது கம்பனி செய்யும் தர்மம் அல்ல, சட்டம். இதைச் சலுகை போலச் சொல்லும் வீடியோவையும், இதைப் பற்றி வாயே திறக்காத வீடியோவையும் ஒரே மாதிரி சந்தேகியுங்கள்.

பிறகு, பேசியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பாருங்கள். அவர் இன்னும் அங்கே வேலை செய்கிறாரா? ஆள் கொண்டு வந்ததற்கு அவருக்குப் பணம் உண்டா? உண்டு என்றால் அது குற்றமில்லை. ஆனால் கங்காணியின் தலைக்காசைப் போல அதுவும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே கம்பனியை விட்டு விலகிய ஒருவரை நம் ஊரிலேயே தேடிப் பேசுங்கள். இருப்பவர் சொல்லாததை விலகியவர் சொல்வார். அவர் கோபத்தில் மிகைப்படுத்தவும் கூடும். இருவரையும் கேட்டு எடை போடுங்கள்.

வெளிநாட்டு வேலையென்றால் வீடியோ எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கும் அங்கீகாரம் உண்டா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேளுங்கள், இலக்கம் 1989. கணினி வேலை என்று சமூக ஊடகத்தில் கண்டு நம்பிப் போன எமது நாட்டு இளைஞர்கள் மியன்மாரில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டதும், 2024இல் அவர்களில் பலர் மீட்கப்பட்டதும் பத்திரிகைகளில் வந்த செய்தி.

கமெரா நம் பக்கம் திரும்பும்போது

நாளை உங்கள் மகளையே கம்பனி பேசச் சொல்லலாம். தோட்டத்தில் உங்களையே கூடையுடன் நிற்கச் சொல்லலாம். உதவி நிறுவனங்களும் கேட்கும். அப்போது கேட்க வேண்டியவற்றைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். எங்கே காட்டப் போகிறார்கள், எவ்வளவு காலம், வேலையை விட்ட பின்னும் ஓடுமா, வெட்டி ஒட்டிய பின் நமக்குக் காட்டுவார்களா, மறுத்தால் வேலைக்கு ஏதும் குறை வருமா? திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் எழுதிய சுற்றுமடல் தொழிலில் முதலிடம் உழைக்கும் மனிதருக்கே, முதலுக்கு அல்ல என்று போதிக்கிறது. முகமும் குரலும் அந்த மனிதரைச் சேர்ந்தவை.

இதை நடைமுறையில் செய்து காட்டிய ஓர் ஊர் உண்டு. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையோரத்தில் ஃபோகோ என்ற தீவு. அங்குள்ள மீனவக் குடும்பங்களை வேறிடத்தில் குடியேற்றும் யோசனை அரசுக்கு இருந்தது. 1967இல் கொலின் லோ என்ற இயக்குநர் அங்கே போய் மக்களைப் பேச வைத்துச் சிறு சிறு படங்களாக எடுத்தார். பேசியவர்களுக்கே முதலில் காட்டி, அவர்கள் சம்மதித்த பின்னரே வெளியே காட்டினார்கள். ஒரு கிராமத்தின் பேச்சை மறு கிராமம் கேட்டது, அரசாங்கமும் கேட்டது. தீவு மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் படகு கட்டினார்கள், மீன் பதனிட்டார்கள், தீவிலேயே தங்கினார்கள்.

அகமதாபாத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கம் 1984இல் தன் உறுப்பினர்களுக்கே வீடியோப் பயிற்சி கொடுத்தது. அவர்களில் காய்கறி விற்ற பெண்களும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். தம் தொழிலைத் தாமே படம் பிடித்து, மற்றப் பெண்களுக்குக் காட்டி அவர்களைச் சங்கத்தில் சேர்த்தார்கள். வேலை செய்பவர் பேசி ஆள் சேர்க்கும் அதே முறைதான். ஆனால் சேர்த்தது தம்முடைய சங்கத்துக்கு.

கைபேசி இன்று எமது வீடுகளிலும் இருக்கிறது. மரக்கறி பயிரிடும் நாலு குடும்பமோ, சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்களோ சேர்ந்து, நாம் எதை விளைவிக்கிறோம், எந்த மருந்தை அடிக்கிறோம், எதை அடிப்பதில்லை, தரகர் என்ன விலை தருகிறார் என்று தமது வாயாலே சொல்லும் இரண்டு நிமிடப் படம் எடுக்க முடியும். வாங்குபவருக்கு அது நம்பிக்கை. சங்கத்தில் சேரத் தயங்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது அழைப்பு.

குழுவில் பேசுவதற்கு: உங்கள் பகுதிப் பிள்ளைகளின் கைபேசியில் இப்போது ஓடும் ஒரு வேலை வீடியோவை எடுங்கள். சத்தமின்றி ஒருமுறை, சத்தத்துடன் ஒருமுறை பாருங்கள். பேசும் அந்தப் பெண்ணுக்கு நேரில் ஒரேயொரு கேள்வி கேட்கலாம் என்றால், உங்கள் வீட்டிலிருந்து எதைக் கேட்பீர்கள்? ஒவ்வொரு குடும்பமும் ஒரு கேள்வியை எழுதி வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அவற்றைச் சேர்த்து, வீடியோவின் கடைசியில் உள்ள அந்த இலக்கத்துக்கே அழைத்துக் கேட்போம்.