சினத்திற்குப் பெயரிடக் கற்பிப்போம்



நான் ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பக்கத்திலிருந்தவனின் சிலேட்டை உடைத்தான். அவனை அதட்டி வெளியே நிறுத்தினேன். அதுவே ஒழுங்கு என எண்ணினேன். அவனுடைய தாய் காய்ச்சலில் கிடப்பதையும், அவன் காலையில் உண்ணாமல் வந்ததையும் மாலையில்தான் அறிந்தேன். நான் கண்டது சினம். அதன் அடியில் இருந்தவை அச்சமும் பசியும்.

தன்னடக்கம் பிறவிக் குணமன்று, கற்கவேண்டிய திறன். உணர்ச்சியை நெறிப்படுத்தும் முன்மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி பெறுகிறது. உளவியல் அறிஞர் வால்டர் மிஷெல், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1960களின் இறுதியில் தொடங்கிய ஆய்வுகளில், சிறு பிள்ளைகளின் முன் ஒரு தின்பண்டத்தை வைத்து, காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்றார். வேறு இனிய நினைவுகளில் மனத்தைச் செலுத்துமாறு சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் நெடுநேரம் காத்திருந்தனர். ஆக, அடக்கத்திற்கும் வழிமுறை உண்டு, அதனைக் கற்பிக்கலாம்.

இல்லத்தில் மூன்று படிகளைப் பின்பற்றலாம்.

முதலாவது, அமைதி. கொதிப்பு அடங்கும்வரை அறிவுரை வேண்டா. அருகில் அமர்ந்து, நீர் கொடுத்து, மெதுவாக மூச்சுவிடச் செய்க.

இரண்டாவது, பெயரிடல். "கோபமா, பயமா, வெட்கமா?" எனக் கேட்க. நம் ஆகமங்கள் கோபம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களோடு நில்லாமல், அச்சம், துயர், அருவருப்பு முதலியவற்றை நோகஷாயங்கள் எனத் தனியே எண்ணுகின்றன. இன்னதென்று அறிந்தாலன்றோ அதனை அடக்க இயலும்!

மூன்றாவது, சீர்செய்தல். மன்னித்துவிட்டோம் என்று தவற்றை மறைத்துவிடலாகாது. உடைத்த பொருளுக்கு ஈடுசெய்யவும், வருந்தியவனிடம் சென்று பேசவும் பிள்ளையே முன்வரச் செய்க.

பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துள்ளது. இல்லத்திற்குச் சட்டம் எதற்கு? சினந்து அடித்துக்கொண்டே "சினம் கொள்ளாதே" என்று சொல்லும் தந்தையிடம் பிள்ளை கற்பது அடியையே, சொல்லையன்று.

மறுநாள் அச்சிறுவனிடம் என் பிழையைச் சொல்லி வருந்தினேன். அவன் ஒன்றும் கூறவில்லை. சில வாரங்களுக்குப் பின், இறுக்கி மூடிய கையுடன் என் மேசையருகே வந்து நின்றான். "டீச்சர், எனக்குக் கோபம் வருது" என்றான். அடிக்கவில்லை, சொன்னான். என் பணிக்காலத்தில் நான் பெற்ற பெரும்பேறு அதுவே.