வெங்காயப் பூந்தலைகளை உலர்த்தல்

அலங்கார வெங்காயத்தைக் கண்டியில் வளர்க்கலாமா எனக் கமக்காரர் சிலர் வினவுகின்றனர். மத்திய ஆசிய மலைகளுக்குரிய அவ்வினங்கள் பூப்பதற்கு நீண்ட குளிர் வேண்டும். ஏறக்குறைய 500 மீற்றர் உயரமுள்ள கண்டியில் அக்குளிர் இல்லை. குளிரூட்டிய குமிழ்களைத் தருவித்தாலும், ஆண்டுதோறும் புதிதாக வாங்க நேரும். அச்செலவு நமக்குத் தகாது.

நமது பெரிய வெங்காயத்தின் வெண்ணிற உருண்டைப் பூந்தலையும் அழகிற் குறைந்ததன்று. தாய்க்குமிழ்களை ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் குளிரில் இரண்டு, மூன்று மாதங்கள் வைத்து நட்டால் பூந்தண்டு எழும்.

எப்போது அறுப்பது என்பதிலேயே பலர் தவறுகின்றனர். விதை வேண்டுமாயின், சில உறைகள் வெடித்துக் கருவிதை தெரியத் தொடங்கும்வரை பொறுத்தல் வேண்டும். பிந்தினால் விதை மண்ணில் உதிரும். அலங்காரத்திற்கு, உறைகள் பச்சையாயிருக்கும்போதே நீண்ட தண்டுடன் அறுக்க. ஒரே தலையில் இரண்டையும் பெற இயலாது. சாதாரணமாகச் சேமித்த வெங்காய விதை ஓராண்டிற்குமேல் நன்கு முளைப்பது அரிது. ஆதலால் அடுத்த போகத்துக்குரிய விதைத் தலைகளை முதலில் அடையாளமிட்டு ஒதுக்கி, எஞ்சியவற்றையே பூவுக்கு அறுக்க.

அறுத்தவற்றை நான்கைந்தாகக் கட்டி, இருண்ட, காற்றோட்டமுள்ள அறையில் தலைகீழாகத் தொங்கவிடுக. நெருக்கிக் கட்டினால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்பின் மேற்பரண் விரைவில் உலர்த்துமெனினும், புகை படிந்து பூ கறுத்துவிடும்.